இரண்டு வாசல்கள், ஒரு தாய்

எமது கரையோர ஊர்களில் ஒரு குடும்பம் நொடித்துப் போனால் அது தட்டுவதற்கு இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று பிரதேச செயலகம். மற்றையது பள்ளிவாசல். கணவனை இழந்த ஒரு தாய் அஸ்வெசும கொடுப்பனவுக்காக முதலாவது வாசலுக்குப் போகிறார். மகளின் படிப்புச் செலவுக்கோ, ஒழுகும் கூரைக்கோ ஸகாத் நிதியில் ஏதும் கிடைக்குமா என்று கேட்க இரண்டாவது வாசலுக்குப் போகிறார். இரண்டு இடத்திலும் விண்ணப்பம் எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் தன் வறுமையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாசல்களுக்கும் இடையில் உள்ளது நடைதூரம்தான். ஆனாலும் ஒன்றில் நடப்பது பெரும்பாலும் மற்றையதற்குத் தெரியாது.

அரச சமூக சேவையும் சமய சமூகமும் கைகோத்து வேலை செய்ய வேண்டும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எந்த விடயத்தில் கைகோக்க வேண்டும், எந்த விடயத்தில் கையை விலக்கிக்கொள்ள வேண்டும், அந்தக் கைகளுக்குள் பெண்களின் கை இருக்கிறதா என்ற கேள்விகளை எவரும் விரித்துப் பேசுவதில்லை. கல்லூரிச் சஞ்சிகையில் இந்த விடயம் எதற்கு என்று சில பெற்றோர் நினைக்கலாம். இன்று வகுப்பறையில் இருக்கும் நாம்தான் நாளை அந்த வாசல்களில் நிற்கப்போகிறோம். சிலர் மேசைக்கு அந்தப் பக்கம் உத்தியோகத்தராக நிற்போம். சிலர் இந்தப் பக்கம் விண்ணப்பத்தோடு நிற்போம். ஆகவே இது எமது விடயம்.

கடல் வந்த நாளில்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் சுனாமியால் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மாத்திரம் மரணித்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையை ஒட்டி நெருக்கமாகக் குடியிருந்த ஊர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். நாம் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அந்த நாளைப் பற்றிப் பேசாத உம்மாமார் இல்லை.

அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தால் ஒரு விடயம் எல்லாருடைய பேச்சிலும் வரும். முதலில் இயங்கியது ஊர்தான். அரச நிருவாகம் என்ன நடந்தது என்று அறிந்துகொள்வதற்கு முன்பே பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் ஆட்களை அழைத்தன. ஜனாஸாக்களைத் தேடி எடுத்தவர்கள், கபனிட்டு அடக்கியவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர்கள் ஊர் இளைஞர்களும் பள்ளிவாசல்காரர்களும்தான். கடலுக்குத் தள்ளியிருந்த ஊர்களில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தங்குமிடங்களாகின. வீடுகளில் சமைத்த சோறு பொதிகளாக வந்தது. காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கோவில்களும் இதே வேலையைச் செய்தன.

ஆனால் முதல் நாள்களுக்குப் பிறகு என்ன தேவைப்பட்டது? மரணச் சான்றிதழ். காணாமல் போன தேசிய அடையாள அட்டைக்குப் பதிலாக இன்னொன்று. தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளையின் பாதுகாப்புப் பற்றிய நீதிமன்ற உத்தரவு. நிரந்தர வீட்டுக்கான காணி. இவற்றில் ஒன்றையும் ஒரு பள்ளிவாசலால் தர முடியாது. எவ்வளவு நல்ல மனம் கொண்ட நம்பிக்கையாளர் சபையாக இருந்தாலும் அதனால் ஓர் உறுதிப் பத்திரம் எழுத முடியாது. அந்த வேலை அரசுக்கு உரியது.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பள்ளிவாசலிடம் வேகமும் ஆள் அறிமுகமும் இருக்கின்றன. அரசிடம் சட்டமும் தொடர்ச்சியும் இருக்கின்றன. பள்ளிவாசல் தருவது உதவி. அரசு தருவது உரிமை. உதவியை ஒருவர் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் தராமல் விடலாம். உரிமை மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். ஒரு தாய்க்கு இவை இரண்டும் தேவை. ஒன்று மற்றையதன் இடத்தை நிரப்பாது.

இது புதிய யோசனை அல்ல

சமய சமூகம் சமூக சேவையில் பங்கெடுப்பது ஏதோ வெளிநாட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த யோசனை என்று எண்ண வேண்டாம். ஸகாத் பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டுப் பிரிவினர் என்று அல்குர்ஆன் வரையறுக்கிறது. அந்த எட்டில் ஒரு பிரிவினர் ஸகாத்தைச் சேகரித்துப் பகிர்ந்தளிக்கும் வேலையைச் செய்பவர்கள். ஊதியம் பெறும் ஒழுங்கான நிருவாகமாக அந்த வேலை ஆரம்பம் முதலே கருதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கலீபா உமர் (ரழி) அவர்கள் திவான் எனும் பெயர்ப் பதிவேட்டை உருவாக்கி அதன்படி கொடுப்பனவு வழங்கினார்கள். கையேந்தி நின்ற வயோதிப யூதர் ஒருவரைக் கண்டு அவருக்குப் பொது நிதியான பைத்துல் மாலிலிருந்து உதவ ஏற்பாடு செய்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தக் கடைசிச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது தேவைப்படும்.

இலங்கையின் சட்டத்திலும் இந்த உறவுக்கு இடம் உண்டு. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டமே எமது பள்ளிவாசல்களையும் வக்பு சொத்துகளையும் ஒழுங்குபடுத்துகிறது. பள்ளிவாசல் பதியப்பட வேண்டும், நம்பிக்கையாளர்கள் முறைப்படி நியமிக்கப்பட வேண்டும், கணக்கு ஒப்புவிக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். அதாவது அரசுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது. அதன்மேல் நடப்பவர்கள்தான் குறைவு.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே உறவு பல வடிவங்களில் தெரிகிறது. தமிழ்நாட்டில் ரமழான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசே பச்சரிசி வழங்கி வருகிறது. அரிசி அரசினுடையது. காய்ச்சுவதும் பகிர்வதும் ஊரினுடையது. ஜேர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையின் கரிதாஸும் புரட்டஸ்தாந்து திருச்சபையின் டியாகோனியும் வைத்தியசாலைகள், முதியோர் இல்லங்கள், பாலர் பாடசாலைகள் போன்றவற்றைப் பெருமளவில் நடத்துகின்றன. அவற்றின் செலவில் பெரும்பகுதி பொதுப் பணத்திலிருந்தே வருகிறது. நடத்துவது திருச்சபையாக இருந்தாலும் நோயாளி எந்த மதத்தவராகவும் இருக்கலாம்.

உறவு முறிந்தபோது

அரசு சமய சமூகத்தைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கொரோனா காலத்தில் இந்த நாடு பார்த்தது. 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் மரணிப்போரின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கம் செய்வதற்கும் உலக சுகாதார நிறுவனம் இடமளித்திருந்த காலம் அது. குடும்பங்கள் ஜனாஸாக்களைப் பொறுப்பேற்க மறுத்தன. பிறந்து 20 நாள்களேயான ஒரு குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அந்தத் துயரம் ஒரு பக்கம் இருக்க, சுகாதாரத் துறைக்கும் அதனால் நன்மை கிடைக்கவில்லை. மரணித்தால் எரித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் இடத்தில் ஒருவர் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகத் தயங்குவார். நம்பிக்கை உடைந்தால் நோய்த் தடுப்பும் உடையும்.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடிப் பிரதேசத்தின் சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் வேலை தொடங்கியது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கு வந்தன. பிரதேச சபை, சுகாதாரத் துறை, இராணுவம், ஊர்த் தொண்டர்கள் என்று எல்லோரும் ஒரே இடத்தில் இரவு பகலாக நின்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கப்பட்டனர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், ஏனைய சமயத்தவர்களும் அந்த மண்ணில் உறங்குகிறார்கள். கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. முதலில் கேட்டிருந்தால் கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்திராது.

எமது மாவட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரசின் நிதியில் சுனாமியால் வீடிழந்தோருக்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை யாருக்கு உரியவை என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. இன விகிதாசாரம் பற்றிய வாதத்தில் சிக்கிய வீடுகள் ஆண்டுக் கணக்கில் ஆள் குடியேறாமல் பற்றை மூடிக் கிடந்தன. கொடுத்தவரின் எண்ணம் நல்லது. கட்டடமும் எழுந்தது. ஆனால் யாருக்கு, எந்த அளவுகோலின்படி என்பது முதல் கல் வைக்கும் முன்பே எல்லாச் சமூகங்களும் காணும்படி எழுதி வைக்கப்பட வேண்டிய விடயம். சமயத்தின் பெயரால் வரும் உதவி அரச காணியில் இறங்கும்போது அது பொது விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அந்த விதியைத் தெளிவாக எழுதாமல் விட்டதற்கு விலை கொடுத்தவர்கள், முகாமிலும் உறவினர் வீட்டிலும் காத்திருந்து காத்திருந்து முதுமையடைந்த மக்கள்.

பட்டியலில் இல்லாத பெண்கள்

இப்போது எமக்கு மிக நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி முறை உண்டு. குடி தாய்வழியாக வருவது. நான் என் உம்மாவின் குடி. உம்மா அவருடைய உம்மாவின் குடி. பல பள்ளிவாசல்களில் நெடுங்காலமாகக் குடிக்கு ஒருவர் என்ற அடிப்படையில் மரைக்காயர்கள் தெரிவாகி நிருவாகத்தில் இருந்தார்கள். கோவில்களில் வண்ணக்கர்கள் இருந்ததும் இதே முறையில்தான். சற்று யோசித்துப் பாருங்கள். மரைக்காயருக்கு அந்த ஆசனம் கிடைப்பது ஒரு பெண்ணின் வழியாக. ஆனால் அந்த ஆசனங்களில் ஒன்றிலேனும் ஒரு பெண் இருந்ததில்லை.

வீடும் அப்படித்தான். எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்வதும் வழமை. சீதனம் என்ற வகையில் இந்த வழமை பற்றிப் பல விமர்சனங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. இருந்தாலும் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. கணவன் இறந்தாலும், விட்டுப் போனாலும், பெண்ணின் தலைக்கு மேல் அவளுடைய சொந்தக் கூரை இருந்தது.

சுனாமி அந்தக் கூரைகளை அடித்துச் சென்றது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீண்டும் கட்டக்கூடாது என்று 2005 இல் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வயலுமாக இருக்கும் எங்கள் ஊர்களில் 200 மீற்றர் என்பது ஊரின் பாதி. புதிய வீடுகளுக்கான பட்டியல்கள் எழுதப்பட்டன. படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. இழந்தது மனைவியின் வீடாக இருக்க, புதிய வீட்டின் பத்திரம் பல இடங்களில் கணவனின் பெயரில் வந்தது. பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே சுட்டிக்காட்டி, கூட்டு உரிமையாவது தரும்படி கேட்டன.

இங்கு தவறியது யார்? அரச உத்தியோகத்தர் படிவத்தைப் பின்பற்றினார். அது அவர் கடமை என்று சொல்லலாம். ஆனால் பட்டியல் தயாரிக்கத் தகவல் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த வீடு யாருடையது என்று தெரியும். எந்தக் குடி, எந்தத் தாய் கொடுத்தது, எந்த ஆண்டில் கொடுத்தது என்று எல்லாம் தெரியும். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அரசும் பள்ளிவாசலும் ஒன்றாக உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே ஆதாரம். இரண்டு பக்கத்திலும் ஆண்கள் மாத்திரம் உட்கார்ந்தால் ஒன்றின் மறதியை மற்றையது திருத்தாது. இரண்டு மறதியும் சேர்ந்து ஒரு சட்டப் பத்திரமாகிவிடும்.

இன்றைய நிலைக்கும் இது பொருந்தும். 2023 இல் சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும வந்தது. குடும்பங்களை 22 குறிகாட்டிகளால் அளந்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஆரம்பத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வரையும், இடைநிலைப் பிரிவுக்கு 2,500 ரூபாயும் என்று நிர்ணயித்தார்கள். பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. மின்சாரப் பாவனை, வீட்டின் சுவர், பிள்ளைகளின் கல்வி என்று அளக்கக்கூடியவற்றைப் படிவம் அளக்கிறது. ஆனால் கணவன் கைவிட்டுப் போய், காதி நீதிமன்றத்தில் விவாகரத்தும் முடியாமல் இருக்கும் ஒரு பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஏட்டில் அவள் கணவனுள்ள பெண். வீட்டில் அடுப்பு எரியாத பெண். இதைப் பக்கத்து வீட்டார் அறிவார்கள். பள்ளிவாசலும் அறியும். பிரதேச செயலகத்துக்கு அதை எழுத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மேன்முறையீட்டுக்கான திகதி முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

பயப்படுவோரின் நியாயம்

இந்தக் கூட்டுறவை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. பள்ளிவாசலுக்குள் அரச உதவி நுழைந்தால் அதன் பின்னால் அரசியல்வாதியும் நுழைவார் என்கிறார்கள். உண்மைதான். நிவாரணப் பொதியில் தலைவரின் படம் ஒட்டிய காலங்களை எங்கள் ஊர்கள் கண்டிருக்கின்றன. ஸகாத் ஒரு வணக்கம், அதை அரச அலுவலகத்தோடு கலக்கக்கூடாது என்கிறார்கள். அதுவும் சிந்திக்க வேண்டியது. பாகிஸ்தானில் 1980 முதல் அரசே வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து ரமழான் முதல் நாளில் இரண்டரை வீதத்தை ஸகாத்தாகக் கழிக்கத் தொடங்கியது. ஷீஆ சமூகத்தினர் எதிர்த்துப் போராடி விலக்குப் பெற்றார்கள். மற்றவர்களிலும் பலர் ரமழான் பிறப்பதற்கு முன்பே பணத்தை வங்கியிலிருந்து எடுத்துவிடப் பழகினார்கள். வணக்கத்தை வரியாக்கினால் மனிதர்கள் வரியிலிருந்து தப்புவது போல வணக்கத்திலிருந்தும் தப்பப் பார்ப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது பணத்தைக் கலப்பதை அல்ல. ஸகாத் பணம் பள்ளிவாசலின் பொறுப்பில், மார்க்கம் சொன்ன எட்டுப் பிரிவுகளுக்குள் இருக்கட்டும். அரச பணம் அரச விதிப்படி, இனம் மதம் பாராமல் போகட்டும். இரண்டுக்கும் இடையில் போய்வர வேண்டியது தகவல், வழிகாட்டல், ஆளுதவி. ஸகாத் கேட்டு வரும் ஒருவருக்கு அஸ்வெசும, முதியோர் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு ஆகியவற்றுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து, படிவம் நிரப்பிக் கொடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் அனுப்புவதற்குப் பள்ளிவாசலில் ஒருவர் இருந்தால் போதும். அரச வரையறைக்குள் அடங்காத ஒரு குடும்பத்தை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பைத்துஸ் ஸகாத்துக்கு அறிமுகப்படுத்த பிரதேச செயலகத்தில் ஒருவர் இருந்தால் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

சம்மதத்தோடு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். வலது கை கொடுப்பதை இடது கை அறியாதவாறு கொடுக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. ஆனால் இன்று ஓர் அரிசிப் பொதியைக் கொடுக்க நான்கு பேர், படம் எடுக்க ஒருவர், அது மாலைக்குள் முகநூலில். படத்தில் குனிந்த தலையோடு நிற்கும் தாயின் மகள் எங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். மறுநாள் அவள் பாடசாலைக்கு எந்த முகத்தோடு வருவாள்? வறுமையின் விபரம் நோயின் விபரம் போன்றது. வைத்தியர் வெளியில் சொல்லாதது போலப் பள்ளிவாசலும் பிரதேச செயலகமும் வெளியில் சொல்லக்கூடாது. இதை உறுதிப்படுத்தாமல் எந்தக் கூட்டுறவும் தொடங்கக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில் பள்ளிவாசல்களின் ஸகாத் மற்றும் சமூக சேவை வேலைகளுக்குள் பெண்கள் வர வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், குடும்ப நல உத்தியோகத்தர்கள், அலுவலகங்களில் வேலை செய்து அனுபவப்பட்ட பெண்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் உள்ளனர். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு பெண்ணின் பிரச்சினையை ஒரு பெண் கேட்கக்கூடிய இடம் வேண்டும். அது பள்ளிவாசல் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பாடசாலை அறையாகவோ ஒரு வீட்டு முன்மண்டபமாகவோ இருக்கலாம். கணவன் அடிக்கிறான் என்பதையோ, மகளுக்குப் படிப்பை நிறுத்திக் கலியாணம் பேசுகிறார்கள் என்பதையோ ஆண்கள் மாத்திரம் உட்கார்ந்திருக்கும் அறையில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அங்கு கேட்டவர் தேவையான இடத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கோ சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும். சில பிரச்சினைகளை ஊருக்குள் பேசித் தீர்க்கலாம். ஒரு பிள்ளையின் பாதுகாப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஊரின் மானத்துக்காக அதை மூடி மறைப்பது உதவியும் அல்ல, மார்க்கமும் அல்ல.

அடுத்தது கணக்கு. எவ்வளவு வந்தது, எந்தெந்தத் தேவைக்கு எவ்வளவு போனது என்று பெயர் குறிப்பிடாமல் ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினால் கொடுப்பவர்களின் நம்பிக்கை கூடும். ஐயத்தோடு பார்க்கும் அயலவருக்கும் அதுவே பதில். இதைக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நீங்கள். ஜமாஅத்தின் பொதுக்கூட்டத்தில் வாப்பாமார் எழுந்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, எல்லை. எங்கள் ஊர்கள் தனித்தீவுகள் அல்ல. மருதமுனைக்கு ஒரு பக்கம் பாண்டிருப்பு, மறு பக்கம் பெரியநீலாவணை. சாய்ந்தமருதுக்குத் தெற்கே காரைதீவு. கல்முனையின் நிருவாக எல்லைகள் பற்றி இரு சமூகங்களுக்கும் இடையில் நீடிக்கும் பிணக்கை எல்லோரும் அறிவோம். அந்தப் பிணக்கு தீரும் வரை வெள்ளமும் டெங்கும் காத்திருக்கப் போவதில்லை. நுளம்பு எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று பார்த்துக் கடிப்பதில்லை. அனர்த்த காலப் பட்டியலையும் டெங்கு ஒழிப்புச் சிரமதானத்தையும் பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்து செய்யலாம். வயோதிப யூதருக்கு உதவிய கலீபாவைப் பற்றி மேடையில் பேசுவதைவிட, பக்கத்து ஊர் விதவைக்கு ஒரு மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பது அந்தச் சம்பவத்துக்குச் செய்யும் கூடிய மரியாதை.

மாணவிகளாகிய எமக்கும் வேலை இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை மாதக் கணக்கில் வீட்டில் இருக்கிறோம். தமிழில் ஒரு கடிதத்தைப் பிழையின்றி எழுதத் தெரியும். இணையத்தில் படிவம் நிரப்பத் தெரியும். சிங்களம் ஓரளவு தெரிந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அயலில் உள்ள ஒரு மூத்தம்மாவின் முதியோர் கொடுப்பனவு ஏன் நின்றுபோனது என்று விசாரித்து எழுதிக் கொடுக்கலாம். 15 வயதாகியும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வழி சொல்லலாம். வீட்டில் இருக்கும் உறுதிப் பத்திரத்தை எடுத்து, அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று உம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். எங்கள் ஊர்களில் பல உம்மாமாருக்கு அந்தப் பத்திரத்தை வாசித்துக் காட்ட இதுவரை எவரும் முன்வரவில்லை.

அரசும் பள்ளிவாசலும் கைகோப்பதற்கு அமைச்சுகளின் சுற்றறிக்கை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில், ஒரு பள்ளிவாசலோடு, இரண்டு மூன்று பெண்களோடு அதைத் தொடங்கலாம். ஆனால் தொடங்கும் நாளிலேயே ஒரு விதியை எழுதி வைக்க வேண்டும். யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பட்டியல் எழுதப்படுகிறதோ, அவரைக் கேட்காமல் அந்தப் பட்டியலை மூடக்கூடாது.